ஒரே நாளில் பூக்கும் செடிகள்

பிரிசில்லாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பூவரச மரம் இருக்கிறது. அதன் தண்டில், ஆள் உயரத்தில், தேங்காய் மட்டையோடு சேர்த்துக் கட்டிய ஓர் ஆர்க்கிட் செடி. பெரும்பாலான நாட்களில் அதைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. விரல் தடிமனில் மஞ்சள் பாய்ந்த குச்சிகள், தோல் மாதிரி தடித்த சின்ன இலைகள், நுனியில் இலையே இல்லாமல் நீண்டு நிற்கும் மெல்லிய கம்பிகள், அவ்வளவுதான். கோவளத்தில் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருத்தி, "காஞ்ச கொடியாக்கீது, அத்த பிச்சிப் போடக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள்.

பிரிசில்லா சிரித்துக்கொண்டாள். வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு மழை கொட்டி ஊர் குளிர வேண்டும். அப்புறம் எட்டோ ஒன்பதோ நாள். ஒரு காலையில் கதவைத் திறந்தால் அந்தக் கம்பிகள் முழுக்க வெள்ளைப் பூ நிற்கும். இறக்கையை விரித்த புறாக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும். சாயங்காலத்துக்குள் எல்லாம் துவண்டுவிடும். அடுத்து எப்போது என்பது மழைக்குத்தான் தெரியும்.

செடியைக் கொடுத்தது தெய்வநாயகி.

இருவரும் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரம் இருந்த ஒரு ரிசார்ட்டில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். பெரிய படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, நடுவில் வந்து சேர்ந்து மடிப்பது ஒருத்தியால் ஆகிற காரியம் இல்லை. அப்படி எதிரெதிரே நின்று வளர்ந்த சிநேகம். காலையில் பிரிசில்லா கோவளத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் டிபன் பையை வைத்துவிடுவாள். வடநெம்மேலியில் தெய்வநாயகி ஏறியதும் பை மடிக்கு வந்துவிடும்.

தெய்வநாயகியின் கணவர் வாசுதேவன் போர்ட் பிளேரில் கொத்து வேலை செய்தவர். வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது, அங்கே குடியிருந்த வீட்டுக்காரம்மா தோட்டத்திலிருந்து ஒரு கொத்துச் செடியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். புறாப் பூ என்றுதான் அங்கே இருந்த தமிழர்கள் சொல்வார்களாம். தெய்வநாயகி அதைப் பாதியாகப் பிய்த்து, பஸ்ஸில் பிரிசில்லாவின் மடியில் வைத்தாள்.

பிரிசில்லா முதலில் அதைத் தொட்டியில் மண் போட்டு நட்டாள். அழுகத் தொடங்கியது. இனி பிழைக்காது என்று எடுத்துப் பூவரச மரத்தில் கட்டிவிட்டாள். அங்கேதான் அது உயிர் பிடித்தது. காற்றுப் பட வேண்டும், காலை வெயில் பட வேண்டும், தண்ணீர் ஊற்றினால் வேர் சீக்கிரம் காய வேண்டும் என்று மெல்ல மெல்லப் புரிந்துகொண்டாள். கடல் காற்று பலமாக அடித்த மறுநாள் நல்ல தண்ணீர் தெளித்து இலையிலிருந்து உப்பைக் கழுவினாள். மீன் கழுவிய தண்ணீரை நன்றாக நீர்க்க விட்டு எப்போதாவது தெளித்தாள். இளம் குருத்தைத் தின்ன வரும் நத்தைகளைப் பொறுக்கி எறிந்தாள். தெய்வநாயகி தன் பங்கை வீட்டு மாமரத்தில் கட்டியிருந்தாள்.

இரண்டு செடியும் ஒரே நாளில் பூத்தன. கடற்கரை முழுக்க ஒரே மழைதானே பெய்கிறது. அந்தக் காலைகளில் யார் முதலில் எழுந்தாளோ அவள் போன் போடுவாள். "பூத்துச்சா?" "இங்கயும் பூத்துச்சு." அவ்வளவுதான் பேச்சு. இருவரும் தலையில் ஒரு கொத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள்.

பிறகுதான் பிள்ளைகள் விஷயம் வந்தது.

பிரிசில்லாவின் மகள் சிநேகாவும் தெய்வநாயகியின் மகன் பரணிதரனும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார்கள். தாய்மார் இருவருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். சிநேகமாக இருந்தவர்கள் சம்பந்தி ஆகப் போகிறார்கள். ஒரு வாரம் அந்தச் சந்தோஷம் இருந்தது. அதற்குப் பிறகு கல்யாணம் சர்ச்சிலா கோயிலிலா என்ற கேள்வி வந்தது. முதலில் சிரித்துக்கொண்டே பேசினார்கள். அப்புறம் சிரிக்காமல் பேசினார்கள். கடைசியில் சலவை அறையில் எல்லோர் முன்னாலும் கத்தினார்கள்.

"உம் பொண்ணுதான் எம் புள்ளைய மயக்கி வச்சிக்கீறா" என்றாள் தெய்வநாயகி.

"இனிமே செத்தாலும் உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாள் பிரிசில்லா.

பிள்ளைகள் பேஜாராகி, செங்கல்பட்டில் இரண்டு நண்பர்களைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். இரண்டு அம்மாக்களும் போகவில்லை. தெய்வநாயகி சலவைப் பிரிவை விட்டு, நீச்சல் குளத்தில் துண்டு கொடுக்கும் இடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். பஸ்ஸை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. இரண்டு வருஷமாக ஒருத்தி முன் பக்கமும் ஒருத்தி பின் பக்கமும் உட்கார்ந்து போனார்கள். செங்கல்பட்டில் குடித்தனம் வைத்த பிள்ளைகள் வீட்டுக்கு இருவரும் போய் வந்தார்கள். ஆனால் ஒருவர் வருகிற நாளில் மற்றவர் வராமல் சிநேகா பார்த்துக்கொண்டாள்.

இந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் இடியோடு மழை கொட்டியது. அடுத்த வாரம் பூவரச மரத்தில் கம்பிகள் நெடுக மொட்டு தடித்தது. ஒரு காலையில் பூத்தது.

பிரிசில்லா ஒரு கொத்தைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வடநெம்மேலியில் தெய்வநாயகி ஏறினாள். அவள் தலையில் வெறும் மல்லிகைதான் இருந்தது. அவள் பார்வை பிரிசில்லாவின் முகத்தைத் தாண்டித் தலைக்குப் போனது. அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர், "உள்ள போம்மா" என்றதும் விறுவிறுவென்று பின்னால் போய் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிரிசில்லாவுக்கு அன்று வேலை ஓடவில்லை. கோபத்தில் பூ வைக்காமல் வந்திருந்தால் அவள் தன் பக்கமே திரும்பியிருக்க மாட்டாள் என்று தோன்றியது. அது கோபமாகப் பார்த்த பார்வை இல்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வாசுதேவனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, உங்க வூட்டுச் செடி பூத்துச்சா?"

"எங்கம்மா பூக்கும்? புது வூடு கட்டறப்ப மாமரத்த எடுத்துட்டோம். செடிய தொட்டில வச்சி, செம்மண்ணு சாணி எல்லாம் போட்டு வாசல்ல வச்சிக்கீறா. காலைல ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு தண்ணி. இலையெல்லாம் மஞ்சளாப் போச்சி. அதுங்கிட்ட ஒக்காந்துகினு பேசிகினு இருக்கா. நீ ஒரு தபா வந்து பாரு தங்கச்சி. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத, எனக்குச் சோறு கிடைக்காது."

பிரிசில்லாவின் கணவர் ஜான்சன் முட்டுக்காட்டில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். அன்றிரவு சாப்பிடும்போது அவரிடம் சொன்னாள். "போய்ட்டு வாயேன், செடி இன்னா பாவம் பண்ணுச்சி?" என்றார் அவர்.

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"அதுக்கு நான் இன்னா பண்றது?" என்று குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சேலை கூட மாற்றாமல் வடநெம்மேலிக்குப் பஸ் ஏறினாள். பையில் ஊறவைத்த தேங்காய் மட்டை இரண்டும் கொஞ்சம் மசாலாப் பட்டைத் தூளும் இருந்தன. புதிய வீட்டை அவள் அதுவரை பார்த்ததில்லை. வெளிர் பச்சை அடித்து, முன்னால் இரும்புக் கேட் போட்டு அழகாகவே இருந்தது. வாசலில் சிமெண்ட் தொட்டி. அதற்குள் மஞ்சளாகித் துவண்டு கிடந்தது செடி.

கேட் சத்தம் கேட்டு தெய்வநாயகி வெளியே வந்தாள்.

"நீ இன்னாத்துக்கு வந்த?" என்றாள் தெய்வநாயகி.

"உன்னப் பாக்க வரல. அத்தப் பாக்க வந்தேன்." தொட்டியைக் காட்டினாள் பிரிசில்லா. "இப்டி மண்ணுல பொதச்சி வச்சிக்கீறியே, அதுக்கு மூச்சு வேணாவா?"

"எங்களுக்குத் தெரியும் எப்டி வளக்கறதுன்னு."

"தெரிஞ்ச லட்சணம்தான் தெரியுதே."

தெய்வநாயகி திருப்பித் திட்டப் போகிறாள் என்று பிரிசில்லா காத்திருந்தாள். அவளோ படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் ஊத்த ஊத்த அது வாடிகினே போவுது, பிரிசி" என்றாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது.

பிரிசில்லா தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள். "வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிக்கீறேன். பின்பக்கம் வழி கீதா?"

"சந்து கீது."

"தொட்டியத் தூக்கு. நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்."

இருவரும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவருக்கும் வேலிக்கும் நடுவில் பக்கவாட்டாக நடந்து பின்பக்கம் போனார்கள். அங்கே வேப்ப மரம் ஒன்று தப்பித்து நின்றது. தொட்டியைக் கவிழ்த்துச் செடியை எடுத்தார்கள். வேர்கள் பழுப்பாகி, தொட்டால் நூலாக உரிந்து வந்தன. அழுகல் நாற்றம் அடித்தது.

"ஒவ்வொரு குச்சியா அழுத்திப் பாரு. கல்லாட்டம் இருந்தா வச்சிக்கோ. மெத்துனு இருந்தா வெட்டிடு" என்றாள் பிரிசில்லா.

தெய்வநாயகி உள்ளே போய்க் கத்தியை அடுப்பில் சூடு காட்டிக் கொண்டுவந்தாள். வெட்ட வெட்டச் செடி சிறுத்துக்கொண்டே போனது. தெய்வநாயகிக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் முகம் சுருங்கியது. கடைசியில் கையில் மிஞ்சியது நாலைந்து குச்சிகள்தான். ஒன்றின் பக்கத்தில், கணுவிலிருந்து, நகம் அளவுக்கு ஒரு குட்டிச் செடி முளைத்திருந்தது. இரண்டு இலை, ஒரு வெள்ளை வேர்.

"இது போதும்" என்றாள் பிரிசில்லா.

வெட்டிய இடங்கள் மறுபடி அழுகாமல் இருக்கப் பட்டைத் தூளைத் தடவினாள். கட்டுவதற்குத் துணி வேண்டும் என்றதும் தெய்வநாயகி உள்ளே போய் நைந்த படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். யோசிக்காமலே ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து ஒரு உதறு உதறினார்கள். தூசி பறந்தது. அப்போதுதான் தாங்கள் செய்தது இருவருக்கும் உறைத்தது. தெய்வநாயகிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிரிசில்லா அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

நீளமாகக் கிழித்த துணியால் செடியை மட்டையோடு சேர்த்து வேப்ப மரத்தில், கிழக்கு வெயில் படுகிற பக்கம் கட்டினார்கள்.

"தெனமும் ஊத்தாத. மட்ட காஞ்சி போனா மட்டும் தெளி. அதுங்கிட்ட பேசணும்னா பேசிக்கோ, தண்ணி மட்டும் வேணாம்."

"நான் பேசறேன்னு உனக்கு யாரு சொன்னா?"

பிரிசில்லா வேப்ப மரத்தை அண்ணாந்து பார்த்தாள். வீட்டுக்குள் வாசுதேவன் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

கை கழுவும்போது தெய்வநாயகி மெதுவாகக் கேட்டாள். "சிநேகா உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"நீ எத்தக் கேக்கற?"

"நீ எத்த நெனைக்கிறியோ அத்தத்தான்."

"மூணு மாசம்" என்றாள் பிரிசில்லா. "உனக்கு எப்ப சொன்னாங்க?"

"ஆடிக் கிருத்திக அன்னிக்கி. காலைல பரணி போன் பண்ணான்."

பிரிசில்லா கணக்குப் போட்டாள். அதே நாள் காலையில்தான் சிநேகா அவளுக்கும் சொன்னாள். யாருக்கு முதலில் சொன்னார்கள் என்ற சண்டை வரக் கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு போனில் ஒரே நேரத்தில் பேசியிருக்கிறார்கள். அது புரிந்ததும் இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பெற்ற பிள்ளைகள் நம்மைக் கண்டு இப்படிப் பயப்படுகிறார்களே என்று பிரிசில்லா நினைத்தாள். தெய்வநாயகி ஏற்கெனவே காய்ந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்று யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யார் பேசியது பெரிய வார்த்தை என்று மறுபடி ஆரம்பித்திருக்கும். பிரிசில்லா கிளம்பும்போது தெய்வநாயகி நாலு முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் பிரிசில்லா பக்கத்து இடத்தில் பையை வைத்தாள். வைத்துவிட்டு எடுத்தாள். திரும்பவும் வைத்தாள். வடநெம்மேலியில் ஏறிய தெய்வநாயகி, நேற்றும் அங்கேதான் உட்கார்ந்தவள் மாதிரி பையைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து ராத்திரி காத்து அடிச்சுதே, கட்டு அவுந்துடுச்சா?"

"இல்ல. காலைல பாத்தேன். நிக்குது."

அதன் பிறகு தினமும் செடியைப் பற்றித்தான் பேச்சு. மற்றதெல்லாம் அதன் நடுவில் நுழைந்தது. குட்டிச் செடியின் வேர் மட்டையைத் தொட்டுவிட்டது என்று சொன்ன கையோடு, பரணிக்கு மறைமலை நகர் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் போட்டிருக்கிறார்கள் என்பாள் தெய்வநாயகி. வேர் நுனி பச்சையாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, சிநேகாவுக்கு ரத்தம் கம்மியாம், பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுக்கணும் என்பாள் பிரிசில்லா. செப்டம்பரில் ஒரு குச்சி திடீரென்று கறுத்தது. தெய்வநாயகி அதைத் தானே கத்தியைச் சூடு காட்டி வெட்டி, பட்டைத் தூள் வைத்துவிட்டு, அப்புறம்தான் போன் செய்தாள்.

"வெட்ட மனசு வந்துச்சா?" என்றாள் பிரிசில்லா.

"வரல. ஆனா வெட்டிட்டேன்."

ஆனால் இந்தச் சமாதானத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் இருவரும் மூச்சு விடவில்லை. ஏதோ கூச்சம். சிநேகா பாவம், யார் எந்தச் சனிக்கிழமை வருவது என்று இன்னமும் முறை வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் முதல் பெருமழை வந்தது. மறுவாரம் பிரிசில்லாவின் பூவரச மரத்தில் மொட்டுகள் தடித்தன. ஒரு காலை, பால் வாங்கக் கதவைத் திறந்தபோதே வாசனை வந்துவிட்டது. இந்தத் தடவை போல் அது எப்போதும் பூத்ததில்லை. மரத்தின் ஒரு பக்கமே வெள்ளையாக இருந்தது. போனை எடுத்தாள்.

"பூத்துச்சு. உன்னுது?"

"எங்க, அதுக்கு இன்னும் தெம்பு வரல" என்றாள் தெய்வநாயகி. குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் அழுகை இல்லை. "புதுசா குருத்து ஒண்ணு வுட்டுக்கீது. எனக்கு அது போதும்."

பிரிசில்லா பூவைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். சாயங்காலம் வரைக்கும்தான் இதற்கு உயிர். "யக்கா, இன்னிக்கி லீவு சொல்லு. செங்கல்பட்டு போலாம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

ஈரத் துணி விரித்த வாழையிலையில் பூக்கொத்துகளைச் சுற்றி எடுத்துக்கொண்டாள். வடநெம்மேலியில் தெய்வநாயகி ஏறினாள், கையில் எலுமிச்சை ரசம் நிரப்பிய தூக்கு. மாமல்லபுரத்தில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்தார்கள். மழை பெய்து வழி நெடுக வயலில் தண்ணீர் நின்றது. பூவின் வாசனைக்கு முன் இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். தெய்வநாயகி பெருமையாக, "எங்க செடி" என்றாள்.

சிநேகா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். அன்று அவளுக்கு மத்தியான வேலை. மணி அடித்ததும் வந்து கதவைத் திறந்தவள், வாசலில் அம்மாவையும் மாமியாரையும் சேர்த்துப் பார்த்ததும் கதவுப் பிடியை விடாமல் நின்றாள். ஒருத்தர் மாறி ஒருத்தர் முகத்தைப் பார்த்தாள்.

"யாருக்கு இன்னா ஆச்சு?" என்றாள் பயந்து.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. இந்தா, உனக்குத்தான்" என்று பிரிசில்லா வாழையிலையை அவள் முகத்துக்கு நேரே விரித்தாள்.

சிநேகாவின் முகம் வெளிறியது. வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். உள்ளே ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, அந்தப் பூவ மொதல்ல வெளில வை!" என்று அங்கிருந்தே கத்தினாள். "அஞ்சு மாசமாச்சு, இன்னும் சோப்பு வாசனையே ஆவல எனக்கு!"

தாய்மார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெய்வநாயகி பூவைப் பிடுங்கிக்கொண்டு போய் மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில், கதவிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வைத்துவிட்டு வந்தாள். பிரிசில்லா மகளின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். முகம் கழுவி வந்து நாற்காலியில் உட்கார்ந்த சிநேகா, கண்ணில் தண்ணீரோடு சிரிக்கத் தொடங்கினாள்.

"ரெண்டு பேரும் எப்பலேர்ந்து பேசறீங்க?"

"செடி அழுகிப் போச்சு, அதுலேர்ந்து" என்றாள் தெய்வநாயகி.

சிநேகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். பாதியில் தெய்வநாயகி எழுந்து ரசத்தைச் சூடு பண்ணப் போனாள். அதில் எலுமிச்சை அதிகம் என்றாள் பிரிசில்லா. வாந்திக்குப் புளிப்புதான் நல்லது என்றாள் அவள். சிநேகா தடுக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரசம் வந்ததும் ஒரு டம்ளர் குடித்தாள். அது உள்ளே நின்றது. இன்னொரு டம்ளர் கேட்டாள்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய பரணிதரன், மாடிப்படி ஏறும்போதே வாசனையை உணர்ந்தான். கைப்பிடிச் சுவரில் வெள்ளைப் பூக்கள். கதவோரம் இரண்டு ஜோடிச் செருப்பு. இரண்டும் யாருடையவை என்று அவனுக்குத் தெரியும். ஏறிய படியில் அப்படியே நின்று போனை எடுத்தான்.

"சிநேகா, நான் கீழ நிக்கிறேன்" என்றான் குரலைத் தணித்து. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்துகீறாங்களா? சண்ட பெருசா? நான் வரட்டா, கொஞ்சம் கழிச்சி வரட்டா?"

உள்ளே பாத்திரம் உருளும் சத்தமும் அவன் அம்மாவின் உரத்த குரலும் கேட்டன. அதற்கு மேல் பிரிசில்லாவின் சிரிப்பு கேட்டது.

"மேல வா" என்றாள் சிநேகா. "உன்ன யாரும் கேக்கப் போறதில்ல. வர்றப்ப கடைல தோச மாவு வாங்கிகினு வா. நாலு பேருக்கு நாஸ்தா பண்ணணும்."